ஏழுமலையின் பதினோரு சாவுகள்

புதுச்சேரியில் பிறந்து, புதுச்சேரியில் படித்து, புதுச்சேரியிலேயே தலை நரைத்த நான், ஐம்பது வயது வரை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கால் வைத்ததில்லை. மீன் வாடை ஒத்துக்கொள்ளாது என்பது வீட்டில் சொல்லிவைத்திருந்த காரணம். உண்மைக் காரணம் சோம்பல். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அதே துறைமுகத்தைப் பற்றி ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு யோசனை சொல்லும் நிபுணனாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். “இரவில் அங்கே யார் நடமாடுவார்கள்?” என்று பாரிசிலிருந்து கேட்டார்கள். கொஞ்சமும் கூச்சப்படாமல், “கைலியை மடித்துக் கட்டிய, மீசையை முறுக்கிய கடத்தல்காரர்கள்” என்று பதில் எழுதினேன். ஆதாரம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுப் பார்த்த சினிமாக்கள்.

நான் வீடியோ கேம் சோதனையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தைந்து வயதுக்காரரைப் ‘பெரியவர்’ என்று அழைக்கும் தொழில் அது. ஐம்பத்து மூன்று வயது வரை என்னைப் படமாக்கிச் சுவரில் மாட்டாமல் விட்டார்களே, அதுவே பெரிது. கொடுத்தது விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்று நாகரிகம் தெரிந்த வாசகர்கள் கேட்க மாட்டார்கள். இப்போது எங்கள் பழைய அலுவலகத்தில், விளையாட்டுகளில் எந்த ஊர்க்காரரையும் ஒரே அச்சில் வார்த்துக் கேவலப்படுத்திவிடாமல் பார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு வந்திருக்கிறதாம். ஏசி அறை, வட்ட மேசை, கண்ணாடிக் கதவு. அங்கே இருக்கும் பிள்ளைகள், “உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் பண்ணீங்க? எழுதிக் குடுங்களேன்” என்றார்கள். என் காலத்தில் அந்தப் பிரிவு நான்தான். ஒரு சக்கரம் கழன்ற நாற்காலியில் அது இயங்கியது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை முடித்து, பழைய நாவல்களில் சூரிய அஸ்தமனம் எப்படியெல்லாம் வருணிக்கப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவனுக்குக் கிடைத்த வேலை, ‘வெளியேறு’ என்ற பிரெஞ்சுச் சொல் திரையிலுள்ள பொத்தானுக்குள் அடங்குகிறதா, வெளியே வழிகிறதா என்று பார்ப்பது. சில வருடங்கள் அதைப் பார்த்தேன். சில சமயம் அடங்கியது. சில சமயம் வழிந்தது.

அலுவலகம் முத்தியால்பேட்டையில், ஒரு கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அதன் தலைவியை நாங்கள் மதாம் என்போம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், ஊர்ப் பேச்சில் ‘சொல்தா’. மகள் பாரிசில் இருபது வருடம் கணினி வேலை பார்த்துவிட்டு, குளிர் பிடிக்கவில்லை என்று ஊர் திரும்பியவர். என்னைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார். நாம் செய்த முட்டாள்தனம் சிறியதாக இருந்தால் திட்டுவார். பெரியதாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, “ஆலோர்…” என்பார். ‘அப்படியானால்…’ என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த வாக்கியத்தை நாமே வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துக்கொள்ள வேண்டும்.

குறை கண்டால் எப்படி எழுதுவது என்பதில் மதாம் ஒரு முறை வைத்திருந்தார். மூன்று வரிதான். செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது. நாலாவது வரி எழுதினால் அது கவிதை, வீட்டில் போய் எழுதுங்கள் என்பார். எழுதிய குறைகளை நாலு தரமாகப் பிரிப்போம். விளையாட்டே நின்றுபோனால் முதல் தரம். கடைசித் தரத்துக்குப் பெயர் ‘ரசனை’. பாரிஸ்காரர்கள் அதைப் படிப்பதே இல்லை. விளையாட்டில் மனிதர்களைக் காட்டியிருக்கும் விதத்தைப் பற்றி நான் எழுதிய குறைகளெல்லாம் நேராக அங்கேதான் போய் விழும்.

ஒரு மாதிரி தருகிறேன். உலகைக் காப்பாற்ற ஊர் ஊராகப் போகும் ஒரு வெள்ளைக்கார ஒற்றனைப் பற்றிய விளையாட்டு எங்களிடம் வந்தது. அதில் ஓர் ஊர், பெயரை மட்டும் மாற்றிய நம்மூர். நான் எழுதினேன்:

செய்தது: கடைவீதியில் நடந்தேன்.
எதிர்பார்த்தது: கடைகள்.
நடந்தது: ஏழு யானை, மூன்று பாம்பாட்டி, ஆணிப் படுக்கையில் ஒரு சாமியார். கடை இல்லை.

பாரிசிலிருந்து பதில் வந்தது: “ஆடுகிறவர்கள் யானையை எதிர்பார்ப்பார்கள்.” மதாம் போனை எடுத்தார். எங்கள் ஊர் மார்க்கெட்டில் வஞ்சிரம் பேரம் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். யானை பேரம் பேசுவதை அன்றுதான் கேட்டேன். ஏழில் தொடங்கி ஐந்துக்கு வந்து, சாமியாரை மட்டும் விட்டுக்கொடுத்து, கடைசியில் இரண்டு யானையில் முடித்தார். “ஒண்ணு நடக்கும், ஒண்ணு நிக்கும். நிக்கிறதுக்குக் காசு கேக்கல” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

மதாமுக்கென்று ஒரு தனிச் சண்டை உண்டு. பெண் வீரர்களின் கவசம். ஆண் வீரனுக்குக் கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்பு. பெண்ணுக்கு இரண்டு சிப்பியும் ஒரு பெல்ட்டும். மதாம் எழுதினார்: “செய்தது: வயிற்றில் அம்பு விட்டேன். எதிர்பார்த்தது: சாவாள். நடந்தது: சாகவில்லை. எந்த மருத்துவ அடிப்படையில்?” பாரிஸ்காரர்கள் ஒரு துண்டுத் துணி சேர்த்தார்கள். முதுகுப் பக்கம்.

இதெல்லாம் ஆடுகிறவர்களைப் பாதிக்குமா என்று அந்த ஏசி அறைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கருத்தரங்குகளில் நான் பாதிக்கும் என்றும் பேசியிருக்கிறேன், பாதிக்காது என்றும் பேசியிருக்கிறேன். மதியச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் என் கண்ணெதிரே நடந்தது ஒன்று உண்டு. அதைச் சொல்கிறேன்.

அந்த விளையாட்டில் ஒற்றன் எங்கள் ஊர்த் துறைமுகத்துக்குள் நுழையும் கட்டத்தில், நான் சிபாரிசு செய்த கடத்தல்காரர்கள் காவல் நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே மீசை, ஒரே கைலி. அவர்களுக்குத் தமிழில் ஒரு குரல் தேவைப்பட்டது. முதலில் நானே கொடுத்துப் பார்த்தேன். மதாம் கேட்டுவிட்டு, “இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் படியில தடுக்கி விழுந்த மாதிரி இருக்கு, முசே” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போனவர், ஸ்கூட்டர் பின்சீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அவர்தான் ஏழுமலை. துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். வணக்கம் சொன்னார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“யாராவது தெரியாதவங்க உள்ள வந்தா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

“எவன்டா அங்க-ன்னு கேப்பேன்.”

“அதையே சொல்லுங்க.”

சொன்னார். கீழே கிரைண்டர் கடையில் வேலை நின்றது. அடுத்தது சாவு. குண்டு பட்டு, கத்தி பட்டு, தண்ணீரில் விழுந்து, மாடியிலிருந்து விழுந்து என்று பதினோரு விதமாகச் சாக வேண்டும். ஏழுமலை ஒவ்வொன்றுக்கும் விவரம் கேட்டார். “தண்ணின்னா கடலா சார், உப்பங்கழியா? கடல்னா நான் சாவ மாட்டேன். நீச்ச தெரியும்.” எட்டாவது சாவில் கிரைண்டர் கடைக்காரர் ஸ்பேனரோடு மாடியேறி வந்துவிட்டார். அவருக்கு ஒரு டீ கொடுத்து, ஒன்பதாவது சாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கவிட்டோம். கைதட்டினார்.

“நான் யாரு சார் இந்த வெளையாட்டுல?” என்று கிளம்பும்போது கேட்டார் ஏழுமலை.

“காவல்காரர்” என்றேன். அதுவரை பொய் இல்லை. எதற்குக் காவல் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். ஏழுமலை ஒருநாள் போன் செய்தார். தன் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், நீங்கள் அவசியம் வரவேண்டும் என்றார். நித்யா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் பெயர் சுதாகர். வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம், இவன் மட்டும் தொழிற்சாலையில் இன்ஜினியர். டெங்குக் காய்ச்சலில் அட்மிட் ஆனவனுக்கு நித்யா ஊசி போட்டிருக்கிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, மற்றது இறங்கவில்லை. பையனின் அம்மா சம்மதம். பெரியப்பாதான், “துறைமுகத்து ஆளுங்க, அடிதடிக்காரங்க, வேணாம்” என்று நின்றிருக்கிறார். ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சி அழைத்து வருகிறார்கள். பெரியப்பா தலையசைக்காவிட்டால் அந்த வீட்டில் பந்தக்கால் நடமாட்டார்கள்.

“எங்க சைடுல ஒரு படிச்ச மூஞ்சி வேணும் சார். வந்து சும்மா குந்திக்கினு இருங்க. போதும்” என்றார் ஏழுமலை.

அப்படித்தான் நான் முதன்முதலாகத் தேங்காய்த்திட்டுக்குப் போனேன். கடத்தல்காரர்களை வழியெல்லாம் தேடினேன். கைலி கட்டிய ஒருவர் ஸ்கூட்டியில் மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இன்னொருவர் சந்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார், தோற்றுக்கொண்டிருந்தார். ஏழுமலை வீட்டுத் தரை கிரானைட். என் வீட்டில் மொசைக்.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா வெள்ளை வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி, எந்த நிமிடமும் எழுந்துவிடுவேன் என்பதுபோல் நுனியில் இருந்தார். சுதாகர் கேசரித் தட்டை வைத்துக்கொண்டு சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழுமலை உள்ளறையில் புதுச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது கொல்லைப்பக்கம் கேட் கிறீச்சிட்டது. ஆடோ என்னவோ. ஏழுமலை பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்:

“எவன்டா அங்க?”

அடுத்த கணம் சுதாகரைக் காணோம். கேசரி தரையில் கவிழ்ந்து கிடந்தது. சோபாவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது:

“பெரியப்பா, குனிங்க! சுட்றப்போறான்!”

பெரியப்பா குனிந்துவிட்டார். எழுபது வயது மனிதர் அவ்வளவு வேகமாகக் குனிவதை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து, கைலியும் புதுச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக ஏழுமலை வந்து நின்றார். அவருடைய இயற்கையான மீசையே அதுதான், பாவம்.

சுதாகர் மெல்ல எழுந்தான். காது சிவந்திருந்தது. தினமும் பஸ்ஸில் போகவர அந்த விளையாட்டைப் போனில் ஆடுவதாகவும், அந்தக் குரல் கேட்டால் உடனே பதுங்க வேண்டும் என்பது உடம்பில் ஊறிவிட்டதாகவும் திக்கித் திக்கிச் சொன்னான். “யாரு அந்தக் குரல்?” என்றார் பெரியப்பா. “கடத்தல்காரன், பெரியப்பா” என்றான் பையன். பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

நான் பாய்ந்தேன். அது வெறும் விளையாட்டு, பாரிசில் ஒரு கம்பெனி செய்தது, இவர் குரல் மட்டும் கொடுத்தவர் என்று விளக்கினேன். பெரியப்பா அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“பாரிசுல இருக்கறவன், இந்த ஊரு துறைமுகத்துல கடத்தல்காரன் இருக்கான்னு சொல்றான்னா, விசாரிக்காமயா சொல்லுவான்?”

“விசாரிச்சான் ஐயா.”

“யார விசாரிச்சான்?”

“என்னை.”

“நீங்க இந்த ஏரியாவா?”

“இன்னிக்குத்தான் முதல் தடவை வரேன்.”

பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை மதாம் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். கண்ணாடியைத் துடைக்காமலே அதே விளைவு.

இதற்கு நடுவில் ஏழுமலை மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் ரசிகனைச் சந்தித்துவிட்டார். “தம்பி, நீங்க எந்த சாவு பாத்தீங்க? மாடியில இருந்து வுழறதா? அது ரெண்டு தபா எடுத்தது” என்று சொல்லி, அங்கேயே ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு செத்துக் காட்டினார். பையனின் அம்மா வாயில் புடவைத் தலைப்பை அடக்கிக்கொண்டு சிரித்தார். நித்யா காப்பித் தட்டோடு வந்து, செத்துக்கிடந்த அப்பாவைத் தாண்டி நின்றாள்.

“எங்கப்பாவ எத்தினி வாட்டி கொன்னீங்க?” என்றாள் சுதாகரிடம்.

“எண்ணல.”

“எதுக்குக் கொன்னீங்க?”

“வழியில நின்னாரு.”

“அவரு துறைமுகத்துல அவரு நிக்காம யாரு நிப்பா? நீங்க எதுக்கு அங்க போனீங்க?”

சுதாகர் யோசித்தான். இதுவரை யாரும் அவனை இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. “கடைசியில ஒரு போட்டு நிக்கும். அதக் கொளுத்தணும்.”

ஏழுமலை எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“போட்டையா?”

“ஆமா… அதுதான் அந்தக் கட்டத்தோட முடிவு.”

“யாரு போட்டு?”

“தெரியல, மாமா.”

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். “சார், சாவறதுக்கு ஒத்துக்கினேன். எத்தினி வாட்டி வேணாலும் சாவறேன். போட்டக் கொளுத்துவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே. ஒரு போட்ட நம்பி எத்தினி அடுப்பு எரியுது, தெரியுமா உங்களுக்கு? நான் காவக்காரன்னா, போட்டுக்குத்தானே காவ நின்னேன்?” பிறகு பெரியப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். “போட்டு மேல கைய வெக்கறவங்க வூட்ல நாங்க பொண்ணு குடுக்கறதில்ல.”

பெரியப்பாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. பெண் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அவரை வேண்டாம் என்று சொல்வார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை.

“என்னய்யா பேசறீங்க! எங்க பையன் தீபாவளிக்கு மத்தாப்பு கூடக் கொளுத்தமாட்டான்! எங்க பரம்பரையில ஒருத்தன் மேல ஒரு கேஸ் உண்டா? அது வெளையாட்டுய்யா!”

“நானும் வெளையாட்டுலதான் கடத்தல்காரன்” என்றார் ஏழுமலை.

நித்யா காப்பித் தட்டை முக்காலியில் டங்கென்று வைத்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து ஓசை எழுப்பின. சுதாகர் அந்த டம்ளர்களையே பார்த்தான். என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்த குறைகளில் உருப்படியான ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

அந்தக் கட்டத்தை முடிக்கக் காவலர்களைக் கொன்றாக வேண்டும் என்றுதான் ஆடுகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் துப்பாக்கியை எடுக்காமல் வாசலில் சும்மா நின்றால், என்ன செய்வது என்று காவலர்களுக்கு யாரும் நிரல் எழுதவில்லை. முதலில் “எவன்டா அங்க?” என்பார்கள். பிறகு குழம்புவார்கள். பிறகு, பின்னணியில் இருக்கும் சாதாரண ஊர்க்காரர்களின் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து வலை பின்ன ஆரம்பித்துவிடுவார்கள். வாசல் தானாகத் திறந்துகொள்ளும். நான் இதைக் குறையாக எழுதிக் கொடுத்தபோது மதாம் வாங்கி வைத்துக்கொண்டார். “இது குறை இல்ல, முசே. இந்த விளையாட்டுல சரியா வேலை செய்யறது இது ஒண்ணுதான்” என்றார். பாரிசுக்கு அனுப்பவே இல்லை.

“தம்பி, போனை எடுங்க” என்றேன். “துப்பாக்கியைத் தொடாதீங்க. சும்மா நில்லுங்க.”

சுதாகர் ஆடினான். எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம். சின்னத் திரையில் ஏழுமலை, ஐந்து ஏழுமலைகள், துப்பாக்கியோடு வந்தார்கள். “எவன்டா அங்க?” பையனின் கட்டைவிரல் துடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டான்.

“சுடுறா!” என்று கத்தினார் பெரியப்பா. “கிட்ட வரான்டா! சுடு!”

“பெரியப்பா, சும்மா இருங்க!”

“அடப் போடா, இப்படிக் கொடுடா இங்க!”

பையனின் அம்மா பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அந்தக் குடும்பத்தில் அது முதல் தடவை என்று அவர்கள் இருவர் முகத்திலும் தெரிந்தது. திரையில் ஐந்து ஏழுமலைகளும் கொஞ்ச நேரம் முறைத்தார்கள். தலையைச் சொறிந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குந்தி, வலையை மடியில் போட்டுக்கொண்டார்கள். வாசல் திறந்தது. சுதாகர் நடந்து போய் அந்தப் போட்டின் பக்கத்தில் நின்றான். ‘கொளுத்து’ என்று பொத்தான் மின்னியது. அவன் தொடவில்லை. மின்னிக்கொண்டே இருந்தது.

“இப்ப இன்னா பண்றது?” என்றான் நித்யாவைப் பார்த்து.

“திரும்பி வாங்க” என்றாள்.

திரும்பி நடந்து வந்தான். வரும் வழியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களில் யாரும் தலை நிமிரவில்லை. ஏழுமலை நிமிர்ந்தார், நிஜமானவர். மகளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். “காப்பி ஆறுது. குடிங்க தம்பி” என்றார். பெரியப்பா ரொம்ப நேரம் கழித்துத் தலையசைத்தார். ஆனால் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த விளையாட்டை அவருடைய போனில் ஏற்றித் தரமுடியுமா என்று கேட்டார்.

மறுநாள் மூன்று வரி எழுதினேன். செய்தது: ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் போனேன். எதிர்பார்த்தது: கேசரி. நடந்தது: மாப்பிள்ளை சோபாவுக்குப் பின்னால். மதாம் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. ‘ரசனை’ என்று நான் போட்டிருந்ததை அடித்துவிட்டு, முதல் தரம் என்று மாற்றி, பாரிசுக்குப் போன் போட்டு, பிரெஞ்சில் அரை மணி நேரம் பேசினார். அவ்வளவு வேகமான பிரெஞ்சை எந்த நாவலிலும் நான் படித்ததில்லை.

பலன் கிடைத்தது. அடுத்த பதிப்பில் எங்கள் துறைமுகத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஏதோ ஒரு நாட்டுப் பாலைவனத்தை வைத்தார்கள். அதில் ஏழு ஒட்டகம். அந்த ஊருக்கும் ஒரு சோதனையாளன் இருப்பான், அவன் கவலைப்படட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என்ன இருந்தாலும், என் தொழில் வாழ்க்கையில் நான் ஜெயித்தது இது ஒன்றுதான்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்குகிறேன். வாடை பழகிவிட்டது. நித்யாவுக்குக் கல்யாணம் முடிந்து சில மாதங்கள் கழித்து, ஏலம் முடித்து வந்த ஏழுமலையை ஓரமாக நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். இனிமேல் உங்களை யாரும் கடத்தல்காரர் என்று சொல்ல முடியாது, போட்டையும் கொளுத்த முடியாது, அந்தத் துறைமுகத்தையே தூக்கிவிட்டார்கள், நான் எழுதிய மூன்று வரிதான் காரணம் என்று.

“பூராவுமா தூக்கிட்டாங்க?” என்றார்.

“பூராவும்.”

“என் கொரலு?”

“அதுவும்தான்.”

கையிலிருந்த மீன் செதிலைக் கைலியில் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாப்பிள்ள ஆபீஸ்ல அத்தினி பேரும் என்னைய வெச்சித்தான் ஆடிக்கினு இருந்தாங்க. நல்லாத்தான சார் செத்துக்கினு இருந்தேன்? உங்கள யாரு நடுவுல பூந்து காப்பாத்தச் சொன்னது?”